இருபத்தொன்றாவது தாள்

தீபாவளிக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து இருபதுக்கு, நான் செய்யக்கூடாத ஒரு காரியத்தைச் செய்தேன். நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். அன்றைய நோட்டில் நேரம் இருக்கிறது, காரியம் இல்லை. ஆண்டை மட்டும் இங்கே எழுதவில்லை. எண்பதுகளின் பின்பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டைச் சொன்னால் எந்தப் படம் என்று தேடிப்பிடித்துவிட முடியும், அது வேண்டாம் என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

அப்போது நாங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் அரசாங்க அலுவலகம் ஒன்றின் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். வந்த கடிதத்துக்கு எண் போட்டு, தேதி முத்திரை குத்தி, கோப்பில் சேர்ப்பதுதான் வேலை. வீட்டிலும் அதே புத்திதான். என்றைக்கு மழை, என்றைக்கு யார் வந்தார், எந்தப் புத்தகத்தை எந்தத் தேதியில் படித்து முடித்தேன் என்று எல்லாவற்றுக்கும் நோட்டு உண்டு.

என் மனைவி மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் இரண்டு மூன்று துணிக்கடைகளுக்கு விளம்பரப் பலகை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மற்ற நேரமெல்லாம் மரக்கட்டையில் படம் செதுக்கி அச்செடுப்பாள். மாலை வகுப்பில் ஒரு வருஷம் படித்ததோடு சரி, மிச்சத்தைத் தானே கற்றுக்கொண்டாள். ஸ்ரீ கெம்பாங்கானில் மேசை நாற்காலி செய்கிற ஒரு பட்டறையில் மிச்சமாகும் பிளைவுட் துண்டுகளை வாங்கி வருவாள். படத்தில் வெள்ளையாக வர வேண்டிய இடத்தையெல்லாம் உளியால் எடுத்துவிடுவாள். மேடாக நிற்கிற இடத்தில் மட்டும் மை ஏறும். தாளை மேலே வைத்து அழுத்தினால் படம் இடவலம் மாறி விழும். அழுத்துவதற்கு எங்களிடம் இருந்தது, ரப்பர்ப்பாலை ஷீட்டாக உருட்டும் பழைய மிஷின். இரண்டு இரும்பு உருளை, ஒரு பெரிய சக்கரம். பழைய இரும்புக் கடையில் கிடந்ததை நான்கு பேர் தூக்கிவந்து ஹாலில் வைத்தார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டில் விருந்தாளிகள் உட்கார இடம் கிடையாது.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மை உருட்டுகிறவர். அவர் கை எப்போதும் கறுப்பு. இன்னொருவர் தாளை வைக்கிறவர், எடுக்கிறவர். அவர் கையில் ஒரு துளி மை படக்கூடாது. அவள் கறுப்புக் கை, நான் வெள்ளைக் கை. வெள்ளைக் கை மை உருளையைத் தொடவே கூடாது என்பது அவள் வைத்த சட்டம். தாள்களை வெட்டி எண்ணி அடுக்குவதும், எத்தனை நன்றாக வந்தது, எத்தனை கெட்டது என்று நோட்டில் குறிப்பதும் என் பொறுப்பு.

அந்த ஆண்டுதான் அவளுக்கு முதல் தனிக் கண்காட்சி கிடைத்திருந்தது. ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் கேலரி வைத்திருந்த சீனப் பெண்மணி ஒருவர், ஒரு பொதுக் கண்காட்சியில் இவள் படத்தைப் பார்த்துவிட்டுத் தேடி வந்தார். தீபாவளி கழிந்து ஐந்தாவது வாரம், சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் திறப்பு. அதற்காகச் செதுக்கிய பெரிய படம், ரயில்வே மேம்பாலத்துப் படியில் மழைக்கு ஒதுங்கி நிற்கும் ஒன்பது பெண்கள். அந்த மழைக்கு மட்டும் அவள் பதினேழு நாள் எடுத்துக்கொண்டாள். தலைமுடி அளவுக்கு மெல்லிய கீற்றுகள், நூற்றுக்கணக்கில்.

இதில் இருபது அச்சு மட்டும் எடுப்பதாக முடிவு. கெட்டுப்போவதற்கும் சேர்த்து நான் இருபத்துநான்கு தாள் வெட்டியிருந்தேன். அந்த ஞாயிறு காலை ஒன்பதுக்குத் தொடங்கி, மாலை ஐந்து பத்துக்கு இருபதாவது தாளைக் கயிற்றில் மாட்டினோம். கெட்டது மூன்று. அவளுக்குத் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. கட்டையை அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.

மேசையில் ஒரு தாள் மிச்சம் இருந்தது.

நம் வீடுகளில் கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ கவரில் பணம் வைக்கும்போது ஐம்பது வைப்பதில்லை, ஐம்பத்தொன்று வைப்போம். நூறு இல்லை, நூற்றொன்று. பூஜ்யத்தில் முடித்தால் உறவும் அதோடு முடிந்துவிடும் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் முதல் கண்காட்சி, இருபது என்று மொட்டையாக நிற்கிறது, ஒரு தாள் வேறு எதிரில் கிடக்கிறது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. உருளையை எடுத்து மை தடவினேன். தாளை வைத்தேன். சக்கரத்தைச் சுற்றினேன்.

எடுத்து வெளிச்சத்தில் பார்க்கக்கூட நேரமில்லை. கட்டிலுக்கு அடியில் பழைய பேப்பரை விரித்து அதை வைத்துவிட்டு, மண்ணெண்ணெயில் கையைத் துடைத்துக்கொண்டேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, கெட்டது எத்தனை என்று கேட்டாள். நான்கு என்றேன். நோட்டிலும் நான்கு என்று எழுதினேன். நோட்டு எழுத ஆரம்பித்த நாளிலிருந்து தெரிந்தே எழுதிய முதல் பொய் அது.

சட்டத்தை மீறி மையைத் தொட்டதற்குத் திட்டு விழும் என்பதுதான் அப்போது என் பயம். காய்ந்த பிறகு ஒருநாள் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் மறுநாள் மாலை அவள் பெரிய உளியை எடுத்து, அந்தக் கட்டையின் குறுக்கே மூலைக்கு மூலை ஆழமாக ஒரு கோடு இழுத்தாள். பதினேழு நாள் மழை இரண்டாகக் கிழிந்தது. பதறிப்போய் ஏன் என்று கேட்டேன். இனிமேல் யாராலும் இதில் அச்செடுக்க முடியாது, இருபது என்று சொன்னால் உலகத்தில் இருபதுதான் இருக்க வேண்டும், வாங்குகிறவர் அந்த வார்த்தைக்குத்தான் காசு கொடுக்கிறார் என்றாள். ஏதோ பஸ் டிக்கெட் எண் மாதிரிதான் நான் அதுவரை அந்த இருபதை நினைத்திருந்தேன். கட்டில் எனக்கு மூன்றடி தூரத்தில் இருந்தது.

அன்றே கிழித்துப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். இரண்டு தடவை கையில் எடுத்தேன், முடியவில்லை. அவள் படம் அல்லவா. யார் கண்ணிலும் படாத இடத்துக்கு அனுப்பிவிட்டால் போதும் என்று எனக்கு நானே ஒரு வழி சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, கிள்ளானில் என் தாய்மாமன் வீட்டுக் கிரகப்பிரவேசம். முப்பது வருஷம் லோரி ஓட்டிக் கட்டிய வீடு. என் மனைவிக்கு அன்று கேலரியில் வேலை. நான் மட்டும் போனேன். முதல் நாளே சாமி படங்களுக்குச் சட்டம் போடுகிற கடையில் அந்தத் தாளைக் கொடுத்துப் பொன்னிறச் சட்டம் போட்டு வாங்கியிருந்தேன். மை இன்னும் ஈரம், கண்ணாடி போட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று கடைக்காரர் சொன்னதால் கண்ணாடி இல்லை. மாமாவும் அத்தையும் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும், என்ன கொடுத்தீர்கள் என்று மனைவி கேட்டாள். ஒரு படம் என்றேன். அவள் முருகனோ லட்சுமியோ என்று நினைத்திருப்பாள்.

நான்கு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, கேலரிக்கார அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். தட்டெழுதிய தாள்கள் இருபது கொண்டுவந்தார், அச்சுக்கு ஒன்று. இந்தப் படத்தில் இருபது அச்சுகள் மட்டுமே உள்ளன, வேறு எதுவும் எடுக்கப்படவில்லை, கட்டை அழிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே கலைஞர் கையெழுத்து, பக்கத்தில் சாட்சி. அச்செடுத்தபோது கூட இருந்தது யார் என்று கேட்டார். என் மனைவி என்னைக் காட்டி, எல்லாம் இவர் நோட்டில் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னாள்.

நான் முழுவதும் படித்தேன். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் இல்லை நான். இருபது முறை கையெழுத்துப் போட்டேன். ஏழாவதோ எட்டாவதோ போடும்போது பேனா உள்ளங்கையில் வழுக்கியது. என்ன இப்படி வியர்க்கிறது என்று அந்த அம்மா விசிறியை என் பக்கம் திருப்பினார். அந்த வாரமே ஐந்து படங்கள், ஐந்து தாள்களோடு, தெரிந்த ஐந்து பேருக்கு முன்கூட்டியே போய்விட்டன.

அதற்குப் பிறகு கிள்ளானிலிருந்து யாராவது கோலாலம்பூர் வருகிறார்கள் என்று கேட்டால், மாமா வீட்டுக்குப் போனார்களா என்றுதான் முதலில் விசாரிப்பேன். கண்காட்சி வாரம், திங்கட்கிழமை காலை, அலுவலகத்துக்கு மாமா போன் செய்தார்.

"மாப்ளே, சனிக்கிழமை நாலு மணிதானே? வேன்ல எல்லாரும் வரோம். படத்தையும் கொண்டாறேன்."

"எந்தப் படம் மாமா?"

"நீ குடுத்த படம்தான்டா. அங்க மாட்டி வச்சா நாலு பேரு பாப்பாங்க. வீட்டுல சும்மாதானே தொங்குது."

"வேணாம் மாமா. அங்க அதே படம் ஏற்கெனவே இருக்கு."

"இருந்தா என்னா? இன்னொண்ணு இருக்கட்டுமே லா. மருமவ பக்கத்துல நிப்பாட்டி ஒரு போட்டோ எடுத்துக்குவோம்."

பக்கத்து மேசைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கிள்ளான் பஸ் பிடித்தேன். நல்ல மழை. ஒன்றேகால் மணி நேரம், என்ன சொல்லிப் படத்தைத் திரும்ப வாங்குவது என்று யோசித்துக்கொண்டே போனேன். மைக்கு மருந்து அடிக்க வேண்டும், பூச்சி வரும், சட்டம் சரியில்லை. மூன்று பொய் தயார் செய்தேன்.

படம் ஹாலில், சாமி மாடத்துக்கு நேர் எதிரே தொங்கியது. பக்கத்தில் போய்ப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஒன்பது பெண்களுக்கும் நெற்றியில் குங்குமப் பொட்டு. கண்ணாடி இல்லை, தாளின் மேலேயே வைத்திருந்தது.

அத்தைதான் வைத்தாராம். காப்பியை நீட்டிக்கொண்டே சொன்னார்: "ஒம்பது பொம்பளைங்க, ஒருத்தி நெத்தியிலயும் ஒண்ணும் இல்ல. புது வீட்டுல அப்படியா மாட்டுறது? உன் பொண்டாட்டி அவசரத்துல மறந்திருப்பா. நான் வெள்ளிக்கு வெள்ளி வச்சு விட்டுடுறேன்."

என் முதல் பொய்யைச் சொல்லிப் பார்த்தேன். மருந்து அடிக்கணும் என்றால் மருந்தை இங்கே கொண்டுவா, மாமா அடிப்பார் என்றார். இரண்டாவது, மூன்றாவது பொய்களும் அதே கதிதான். கடைசியில் மாமா சிரித்துக்கொண்டே, "கிரகப்பிரவேசத்துக்கு வந்தது வெளிய போகக் கூடாது மாப்ளே. நானா கொண்டுபோயி நானா திருப்பிக் கொண்டாந்தா அது வேற" என்று முடித்துவிட்டார். வேன் டயர் எல்லாம் பார்த்து வைத்துவிட்டாராம்.

வியாழக்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு மனைவியிடம் சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டுவதற்கான பெயர்ச் சீட்டுகளை எழுதிக்கொண்டிருந்தாள். நான் முறைப்படி சொல்லத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்து இருபதுக்கு, நீ குளிக்கப் போனபோது...

"எனக்கு மணியெல்லாம் வேணாம்" என்றாள். "அந்தம்மா கொண்டாந்த பேப்பர்ல கையெழுத்துப் போட்டீங்களே, அப்ப உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

அவள் கையிலிருந்த பேனாவுக்கு மூடி போட்டாள். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

நான் நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். இருபதுக்கு வெளியே, கலைஞர் தனக்காக ஒன்றிரண்டு அச்சு எடுத்துக்கொள்ளலாம், அதற்கு எண் போடாமல் சொந்தப் பிரதி என்று எழுதி வைப்பது உலக வழக்கம்தான், அப்படி எழுதிவிட்டால் என்ன என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அத நான் எடுத்தேனா? நான் கண்ணால பாத்தேனா? நான் பாக்காத தாள்ல என் சொந்தம்னு எப்படி எழுதுறது? நீங்க செஞ்சத நான் செஞ்சேன்னு சொல்லச் சொல்றீங்க."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கேலரிக்குப் போனோம். என்னைக் கீழே கடை முன்னால் நடைபாதையில், அஞ்சடியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு அவள் மட்டும் படியேறினாள். இருபத்தைந்து நிமிடம். மேலே படங்கள் மாட்ட ஆணி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, நடுவில் நின்றது. பிறகு இறங்கி வந்தவள், அந்த அம்மா சொன்னதைச் சொன்னாள். அந்த ஒரு தாளை அழிக்க வேண்டும். கிழித்த துண்டுகளை நாளை திறப்புக்கு முன் கொண்டுவந்து காட்ட வேண்டும். இல்லையென்றால் மழைப் படம் சுவரிலிருந்து இறங்கும். வாங்கிய ஐந்து பேருக்கும் அவரே போன் செய்து காரணம் சொல்வார். அதன் பிறகு இந்தப் பெண் இருபது என்றால் இருபது என்று யாரும் நம்ப மாட்டார்கள், நானும்தான் என்றாராம்.

நேரே கிள்ளானுக்கு பஸ் ஏறினோம். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த அச்சை அவள் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள். அத்தை வா வா என்று அழைத்ததற்குக்கூடப் பதில் சொல்லாமல் நேராக அதன் எதிரே போய் நின்றாள். எனக்கு அதுவரை கண்ணில் படாதது அவளுக்கு ஒரு நொடியில் பட்டது. நான் மையை அதிகமாகத் தடவியிருந்தேன். மெல்லிய கீற்றுகளெல்லாம் அடைத்துக்கொண்டுவிட்டன. படத்தில் மழையே இல்லை. ஒன்பது பெண்கள் காரணமில்லாமல் இருட்டில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இதையா என் பேர்ல குடுத்தீங்க" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். பொய்யாகிப்போன இருபது என்ற சொல்லைவிட இந்த மழையில்லாத படம்தான் அவளை அதிகம் சுட்டது என்று தோன்றியது.

பிறகு அத்தையையும் மாமாவையும் உட்கார வைத்து, எதையும் மறைக்காமல் சொன்னாள். இருபது என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன், இது இருபத்தொன்று, இது இருக்கும்வரை என் வாக்குப் பொய், நாளைக்குள் கிழித்துக் காட்ட வேண்டும், வேறு படம் செதுக்கி நானே கொண்டுவந்து மாட்டுகிறேன் என்றாள். மாமா என்னைப் பார்த்த பார்வையில் முப்பது வருஷ லோரிக்காரர் வெளியே வந்தார். "ஏன்டா, ஆபீஸ்ல உனக்கு எவன்டா வேல குடுத்தான்" என்றார்.

வாக்கு என்ற சொல் அத்தைக்கு உடனே புரிந்தது. வீட்டுக்கு வந்தது வெளியே போகக்கூடாது என்பதை அவரே தள்ளிவைத்தார். ஆனால் கிழிப்பது என்றதும் எழுந்துவிட்டார்.

"பொட்டு வச்ச பொம்பளைங்கள எப்படிம்மா கிழிப்பே? நான் வெள்ளிக்கு வெள்ளி கும்பிட்டிருக்கேன்."

"அது சாமி இல்ல அத்த. மேம்பாலத்துல நிக்கிறவங்க."

"யாரா இருந்தா என்னா? நெத்தியில வச்சாச்சு. கிழிக்க வேணாம். கடல்ல விட்டுடலாம். பழைய சாமி படத்தயெல்லாம் நான் அப்படித்தான் விடுறேன்."

கடலில் விட்டால் கொண்டுபோய்க் காட்டத் துண்டு இருக்காது. ஏற்கெனவே ஒரு தடவை பொய்யான எங்கள் வாய்ச்சொல்லை மறுபடியும் அந்த அம்மா ஏன் நம்ப வேண்டும்? இதை என் மனைவி இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். அத்தை படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு நகரவே இல்லை. கண் வேறு கலங்கிவிட்டது. அவர் வீட்டுச் சுவர், அவர் வைத்த பொட்டு. கடைசியில் என் மனைவிதான், சரி அத்தை, உங்கள் இஷ்டப்படியே விடலாம் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் விரல்கள் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தன.

அன்று அங்கேயே தங்கிவிட்டோம். சனிக்கிழமை காலை ஏழரைக்கு மாமா வேனில் போர்ட் கிள்ளான் போனோம். கடலோரக் கற்சுவரில் இறங்கி நின்றோம். சட்டத்தை மாமா வீட்டிலேயே கழற்றியிருந்தார். அத்தை தாளைப் தாம்பாளத் தட்டில் வைத்து, மேலே நான்கு மல்லிகை போட்டு, மெல்லத் தண்ணீரில் விட்டார்.

அது முழுகவில்லை. எண்ணெய் மை; தண்ணீர் ஒட்டவில்லை. ஒன்பது பேரும் வானத்தைப் பார்த்தபடி மிதந்து, சுவருக்குப் பக்கமாகவே திரும்பி வந்தார்கள். சற்றுத் தள்ளித் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர், ஏதோ தவறி விழுந்துவிட்டது என்று நினைத்து, கோலை நீட்டி எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். மாமா பதறிப்போய், "ஜாங்ஙான், பாங், ஜாங்ஙான்!" என்று, வேண்டாம் அண்ணே என்பதை மலாயில் கத்திக் கையை ஆட்டினார். அவர் குழப்பத்தோடு கோலை இழுத்துக்கொண்டார். கடல்நீர் எப்போது வற்றத் தொடங்கி அதை வெளியே இழுக்கும் என்று நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எட்டு ஐம்பதுக்குத் தாள் ஓரம் மடங்கியது. ஒன்பது பத்துக்கு அதை யாராலும் காண முடியவில்லை. என் மனைவி அதற்குப் பிறகும் சில நிமிடம் அங்கேயே நின்றாள்.

மூன்று மணிக்கு நான்கு பேரும் கேலரிக்குள் நுழைந்தோம். மழைப் படத்தின் முதல் எண் அச்சு சுவரில் இருந்தது. அதற்குக் கீழே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வைத்திருந்தார்கள், இறக்க வேண்டியிருந்தால் ஏறி இறக்குவதற்கு. கேலரிக்கார அம்மா என் மனைவியின் கையைப் பார்த்தார். கை வெறுமையாக இருந்தது.

என் மனைவி நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் முகம் இறுகியது. உன் கணவர் சாட்சி, அப்படித்தானே என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பாமலே நாற்காலியின் முதுகில் கை வைத்தார். வேலையாளைக் கூப்பிட வாயெடுத்தார்.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து அத்தை முன்னால் வந்தார். பட்டுச்சேலை, கையில் இன்னும் அந்தத் தட்டு இருந்த துணிப்பை. இங்கிலீஷ் தெரியாது, ஆனால் மீன் சந்தையில் பேசிப் பழகிய மலாய் தாராளமாக வரும். சொல்ல வேண்டியதையெல்லாம் அந்த மலாயில் சொன்னார். பொட்டு வைத்தது தான்தான், கிழிக்க விடாததும் தான்தான், இந்தப் பெண் மேல் தப்பில்லை, தண்ணீரில் விட்டதும் தன் கைதான். தாள் எப்படித் திரும்பித் திரும்பி வந்தது, தூண்டில்காரன் எப்படி எடுக்கப் பார்த்தான், புருஷன் எப்படிப் பதறினார் என்பதை நடித்தே காட்டினார்.

அந்த அம்மா நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். நீங்களே கண்ணால் பார்த்தீர்களா, முழுக்கப் போய்விட்டதா என்று மலாயில் கேட்டார்.

"சாயா தெங்ஙோக் செண்டிரி" என்று அத்தை நெஞ்சைத் தொட்டுச் சொன்னார். நானே பார்த்தேன். "சுடா ஹாபிஸ்." எல்லாம் முடிந்துவிட்டது.

கேலரிக்கார அம்மா உள்ளே போய் மிச்சமிருந்த பதினைந்து சாட்சித் தாள்களையும் எடுத்து வந்தார். ஒரு ரூலரை வைத்து, பதினைந்திலும் என் பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். பிறகு பேனாவை அத்தையிடம் நீட்டினார். அத்தை மேசையில் தட்டுப் பையை வைத்துவிட்டு உட்கார்ந்து, தன் பெயரைத் தமிழில், எழுத்து எழுத்தாகப் பதினைந்து தடவை எழுதினார். கடைசித் தாளுக்கு வரும்போது முதல் விருந்தாளிகள் படியேறும் சத்தம் கேட்டது. நாற்காலியை யாரோ எடுத்து ஓரமாக வைத்தார்கள். மாமா, எந்தப் படத்துக்குப் பக்கத்தில் போட்டோ என்று கேட்டார். என் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு மழைப் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். போட்டோவில் நான் இல்லை.

கண்காட்சி நன்றாக நடந்தது. அதன் பிறகு அவளுக்கு மேலும் மேலும் அழைப்பு வந்தது. அதையெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை.

மிச்சம் அந்த ஐந்து சாட்சித் தாள்கள். அவை வெளியே போய்விட்டவை. அவற்றில் என் கையெழுத்து இருக்கிறது. இப்போது உலகத்தில் இருபதுதான் என்பதால் அந்தத் தாள் சொல்வது உண்மை. நான் கையெழுத்துப் போட்ட செவ்வாய்க்கிழமை அது உண்மை இல்லை. இதை எப்படிக் கோப்பில் சேர்ப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம், அந்த ஐந்து பேருக்கும் நீ ஒரு கடிதம் எழுதிவிடுகிறாயா என்று கேட்டேன்.

"பேரு உங்களுது. நீங்களே எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். நடந்ததை நடந்தபடி, ஒரு பக்கம். ஐந்தையும் திங்கட்கிழமை மதியம் தபாலில் சேர்த்தேன். இரண்டு பேர் பரவாயில்லை என்று பதில் போட்டார்கள். ஒருவர் தாளைத் திருப்பி அனுப்பி, அத்தையின் கையெழுத்தோடு வேறு தாள் வாங்கிக்கொண்டார். ஒருவர் படத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டார். கூடக் கடிதம் எதுவும் இல்லை. ஐந்தாமவர் பூச்சோங் பக்கம் குடியிருந்தவர். அவரிடமிருந்து பதில் வரவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடியும் எழுதினேன், அடுத்த ஆண்டும் எழுதினேன். முகவரி தவறு என்று தபால்காரர் ஒரு கடிதத்தையாவது திருப்பிக் கொண்டுவந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றும் திரும்பவில்லை. மூன்று கடிதங்களையும் அந்த வீட்டில் யாரோ வாங்கியிருக்கிறார்கள்.